வடிகாலுக்கு 95, செடிக்கு 50

புதுச்சேரியில் இருக்கும் ஒரு சின்னத் தோட்ட வடிவமைப்புக் குழுவிடம் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள இடத்தை ஒப்படைத்து, நீச்சல் குளம், வடிகால், செடிகொடி மூன்றையும் ஒரே வேலையாகச் செய்து வாங்கினோம். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பார்த்தாகிவிட்டது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் இதே யோசனையில் இருக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. பாராட்ட நிறைய இருக்கிறது, ஆனால் திட்டவும் இருக்கிறது. பில் விஷயத்தில் குரலை உயர்த்திப் பேச வேண்டி வந்தது. நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், மதிப்பெண் போடாமல் கை நிற்காது. வடிகாலுக்கு 95. குளத்துக்கு 80. செடிக்கு 50, அதுவும் பாவம் பார்த்து. பில்லுக்கு ஃபெயில்.

வீடு இருப்பது கடலூரில், செம்மண்டலத்துக்கு அந்தப் பக்கம். தெற்கே கெடிலம் ஆறு, வடக்கே தென்பெண்ணை ஆறு, கிழக்கே கடல். மனை 60 அடிக்கு 80 அடி. நாங்கள் வீடு கட்டியபோது ரோடு எங்கள் வாசலுக்குக் கீழே இருந்தது. அப்புறம் ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, இப்போது ரோட்டிலிருந்து நாங்கள்தான் இறங்கி வருகிறோம். இந்த ஊரில் பழைய வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் இதே கதைதான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் மழை. அது ஓய்வதற்குள் சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து தாழங்குடா, குண்டு உப்பலவாடி என்று ஆற்றோரம் இருந்த ஊர்களையெல்லாம் முக்கியது. அவர்கள் பட்டதோடு ஒப்பிட்டால் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆற்றுத் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வரவில்லை. ஆனால் பெய்த மழை வெளியே போக வழியில்லாமல் தோட்டத்திலேயே கணுக்காலுக்கு மேல் நின்றது. மல்லிகைப் பந்தல் அழுகியது, செப்டிக் டேங்க் மேலே வந்தது, வீட்டுக்காரர் ஆசையாக வைத்திருந்த எலுமிச்சை வேர் வெந்து போயிற்று.

இந்த லட்சணத்தில்தான் பெங்களூரில் இருக்கும் மகள், பிள்ளைகள் லீவுக்கு வந்தால் நீந்த ஒரு குளம் வேண்டும் என்று கேட்டாள். "வருஷா வருஷம் கார்த்திகையில தானாவே குளம் வருதே, அது போதாதா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

கொட்டேஷன் கேட்டு வரவழைத்தவர்கள் பெரும்பாலும் செல்போனில் படம் காட்டினார்கள். பாலித் தீவு அருவி, புத்தர் சிலை, குளத்தைச் சுற்றிப் பனை. தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டால், "முன்னால ஒரு சம்ப் கட்டி மோட்டார் வெச்சு ரோட்டுக்கு அடிச்சிடலாம்மா" என்பார்கள். புயலடிக்கிற அன்று கரண்ட் இருக்காது என்பது கடலூரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம். மோட்டாரை நம்பி வடிகால் போடுவது, மழை பெய்யாத நாளுக்கு மட்டும் வடிகால் போடுவது மாதிரி.

இந்தக் குழுவிலிருந்து வந்தது ஒரு இளம் ஆர்க்கிடெக்ட் பெண்ணும், பாகூர்ப் பக்கத்து மேஸ்திரி ஒருவரும். படம் எதுவும் காட்டவில்லை. மேஸ்திரி மட்டம் பார்க்கும் டியூப் லெவல் குழாயை எடுத்துத் தண்ணீர் நிரப்பி, குமிழி இல்லாமல் தட்டிவிட்டு, மனையின் ஒவ்வொரு மூலையிலும் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போனார். சுற்றி வந்து பார்த்தால், வடகிழக்கு மூலைக்கும் தென்மேற்கு மூலைக்கும் பதினான்கு அங்குலம் வித்தியாசம். இத்தனை காலம் குடியிருக்கிறோம், கண்ணுக்குச் சமதளமாகத்தான் தெரிந்தது. அப்புறம் அந்தப் பெண் கொல்லையிலும் வாசலிலும் ஓரடிக் குழி தோண்டச் சொல்லி, தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி ஊற்றி, ஸ்கேலை நட்டு வைத்து மணி பார்த்தாள். முன்பக்கக் குழியில் தண்ணீர் விறுவிறுவென்று இறங்கியது. பின்பக்கத்தில் ஒரு மணி நேரம் கழித்தும் ஸ்கேலில் பெரிய மாற்றம் இல்லை. மேலே மணல், கீழே களிமண். தண்ணீர் மணலில் இறங்கிக் களியில் முட்டி, சரிவு பார்த்துப் பின்பக்கம் வந்து சேர்கிறது.

என்னை விழ வைத்தது அதற்கடுத்து அவள் போட்ட கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் மனை 4,800 சதுர அடி, அதாவது 446 சதுர மீட்டர். மணிக்கு ஐந்து சென்டிமீட்டர் பெய்தால் 22,300 லிட்டர். "நீங்க கேக்கற குளம் 20க்கு 10, நாலடி ஆழம். அதுவும் 22,600 லிட்டர்தான் டீச்சர். நல்ல மழையில மணிக்கு ஒரு குளம் உங்க மனைக்குள்ள விழுது. அது எங்க போவும்னு முடிவு பண்ணிட்டு உங்க குளத்தப் பாக்கலாம்" என்றாள். ஃபெஞ்சல் மாதிரி 46 சென்டிமீட்டர் கொட்டினால் என்ன ஆகும் என்று நானே போட்டுப் பார்த்தேன். இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது. வேலையை இவர்களுக்கே கொடுத்துவிடலாம் என்று வீட்டுக்காரரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண் செய்த இன்னொரு காரியத்தைச் சொல்ல வேண்டும். காம்பவுண்ட் சுவருக்கு வெளியே போய்ப் பார்த்தாள். கொல்லைச் சுவருக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் குப்பை மூடிக் கிடந்த பழைய வாய்க்கால். எங்கள் கொல்லை மூலையைவிட ஒன்றரை அடி தாழ்வு, கெடிலம் பக்கம் போகிறது. ரோடு உயர்ந்தாலும் இந்தச் சந்தை யாரும் உயர்த்தவில்லை. ஆகவே மோட்டார் இல்லாமல் தண்ணீர் தானாகவே வெளியேற வழி இருக்கிறது. மாநகராட்சியில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினோம். வாய்க்காலைத் தூர்வாரியதில் அக்கம்பக்கத்துக்காரர்களுக்கும் சந்தோஷம்.

அதன்பின் நடந்த வடிகால் வேலையைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கிழக்குச் சுவரை ஒட்டி இறங்கி, தெற்கே திரும்பித் தென்மேற்கு மூலை வரை 90 அடி நீளத்துக்குப் பள்ளம். அகலம் ஒன்றரை அடி, ஆழம் இரண்டடி. அடியில் ஜியோ துணி விரித்து, ஜல்லி போட்டு, துளையிட்ட ஆறங்குல பிவிசி குழாய் வைத்து, மறுபடி ஜல்லி போட்டு, துணியை மேலே மடித்து மூடி, அதற்கு மேல் மணல். துணி எதற்கு என்றால், அது இல்லாவிட்டால் களிமண் வண்டல் ஜல்லிக்குள் புகுந்து சில வருஷத்தில் அடைத்துவிடும். குழாய்க்குச் சரிவு நூற்றுக்கு ஒன்று. 90 அடிக்கு ஏறக்குறைய 11 அங்குலம் இறக்கம். மேஸ்திரி பத்தடிக்கு ஒரு முளை அடித்து நூல் கட்டி, ஒவ்வொரு முளைக்கும் ரசமட்டம் பார்த்தார். ஓர் இடத்தில் ஆட்கள் அதிகமாகத் தோண்டி, குழாயின் நடு தொய்ந்துவிட்டது. மூடிவிட்டுப் போயிருந்தால் யாருக்கும் தெரியாது. எடுத்துவிட்டு அடியில் பிசிசி, அதாவது கம்பியில்லாத கான்கிரீட் போட்டு மறுபடி வைத்தார்.

நான்கங்குலக் குழாய் போதாதா என்று கேட்டேன். விட்டம் ஒன்றரை மடங்கு ஆனால் குழாய் இழுக்கும் தண்ணீர் ஒன்றரை மடங்கு ஆகாது, கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆகும் என்று அந்தப் பெண் சொன்னாள். பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. அதோடு பெரிய குழாயில் சுவரின் உராய்வும் குறைகிறது. நான்கங்குலம் எங்கள் மனைக்கு மயிரிழையில் போதும், ஆனால் இரண்டு வேப்பிலைக் கொத்து போய் மாட்டினால் போதாது. விலை வித்தியாசம் சில ஆயிரம்தான். இப்படி விளக்கம் சொல்கிற ஆட்கள் கிடைப்பது அபூர்வம்.

தென்மேற்கு மூலையில் இருந்த பள்ளத்தை மேடாக்காமல், 20க்கு 10 அடியில் ஓரடி ஆழப் பாத்தியாக இன்னும் பள்ளமாக்கினார்கள். மழைத் தண்ணீர் முதலில் அங்கே வந்து தங்கும். அதன் விளிம்பைத் தாண்டினால் சேம்பர் என்கிற சின்னத் தொட்டி வழியாகச் சந்து வாய்க்காலுக்குப் போகும். வாய்க்காலில் தண்ணீர் ஏறினால் திரும்பி எங்களிடம் வரக் கூடாது என்று குழாய் வாயில் தொங்கும் மூடி ஒன்று, நான்-ரிட்டர்ன் வால்வு. பாத்தியில் கல்வாழையும் சேம்பும் வைத்தார்கள். விளிம்பு முழுக்க வெட்டிவேர் வைக்க வேண்டும் என்றது நான். கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு, தியாகவல்லிப் பக்கம் கடலோர மணலில் வெட்டிவேர் பயிராகவே போடுகிறார்கள். மண்ணைப் பிடிக்க அதற்கு மிஞ்சியது கிடையாது. வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேரே கீழே இறங்கும், பக்கத்துக் குழாயைத் தொந்தரவு செய்யாது. தண்ணீரில் நின்றாலும் காய்ந்தாலும் தாங்கும். இவர்களோ ஆந்திராவிலிருந்து ஏதோ அலங்காரப் புல்லை வரவழைப்பதாக இருந்தார்கள்!

மழைநீர் சேகரிப்புக் குழியும் உண்டு. 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் கட்டாயம்தானே. மாடித் தண்ணீர் அதில் இறங்குகிறது. களியைத் துளைத்துக் கீழே இருக்கும் மணல் வரை போட்டிருக்கிறார்கள். ஐப்பசி மழையை நன்றாகக் குடிக்கிறது. கார்த்திகையில் நிலத்தடி நீரே இரண்டடிக்கு வந்துவிடுவதால் குழியும் நிரம்பி நிற்கும், அதற்கு மேல் வழிவதுதான் வடிகாலுக்கு. இதை வேலை தொடங்கும் முன்பே அந்தப் பெண் சொல்லிவிட்டாள். "குழி போட்டா தண்ணி நிக்காது" என்று மற்றவர்கள் அடித்துச் சொன்னது அவர்கள் நம் பக்கத்து மண்ணைப் பார்க்காததால்.

சரி, குளத்துக்கு வருகிறேன். நாங்கள் கொல்லையில்தான் கேட்டோம், மறைவாக இருக்கும் என்று. முடியாது என்றாள். தாழ்வான மூலையில் குளம் வைத்தால் மழைக்காலத்தில் தோட்டத்து அழுக்குத் தண்ணீரெல்லாம் குளத்துக்குள் வரும். வடகிழக்கில் வைத்தால் மேட்டில் இருக்கும், சாயங்காலம் வீட்டு நிழலும் விழும். ஈசானிய மூலையில் நீர் இருக்க வேண்டும் என்று எங்கள் கொழுந்தனாருக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. வாஸ்து பார்த்துத்தான் செய்தார்கள் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மேற்கே எங்கள் வேப்ப மரம் இருக்கிறது. குளம் வந்தால் மரத்தை வெட்ட வேண்டும் என்று வேறு இரண்டு பேர் சொன்னார்கள். வீட்டுக்காரர் அவர்களுக்குக் காபிகூடக் கொடுக்க விடவில்லை. இந்தப் பெண் மரத்தடியில் நின்று, மதியத்துக்கு மேல் கடல் காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்டாள். கிழக்கிலிருந்து. அப்படியானால் வேப்பம்பூ மேற்கே போகும், குளத்தில் விழாது என்றாள். பங்குனி, சித்திரையில் பார்த்துவிட்டேன், முக்கால்வாசி உண்மை. காலையில் நிலக்காற்று அடிக்கும்போது கொஞ்சம் வந்து விழும், வலையால் அள்ளிவிடலாம்.

குளத்தை முழுக்கத் தரைக்குள் புதைக்காமல் ஒன்றரை அடி மேலே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். முதலில் எனக்குப் பிடிக்கவில்லை, மாட்டுத் தொட்டி மாதிரி இருக்குமே என்று. காரணம் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன். நிலத்தடி நீர் மேலே வரும் ஊரில், காலியாக இருக்கும் குளம் படகாகிவிடும். கீழிருந்து தண்ணீர் தூக்கும். முழுக்கப் புதைத்திருந்தால் தளத்தின் அடி தரைக்குக் கீழே நான்கே முக்கால் அடியில் இருக்கும். நீர்மட்டம் இரண்டடியில் நின்றால் சதுர மீட்டருக்கு 800 கிலோவுக்கு மேல் மேல்நோக்கித் தள்ளும். எட்டங்குலக் கான்கிரீட் தளத்தின் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோதான். ஒன்றரை அடி தூக்கினால் தள்ளும் விசை சுமார் 380 கிலோவுக்கு வந்துவிடுகிறது, தளமே அதை அமுக்கிவிடும். அதற்கு மேலும் பாதுகாப்புக்கு அடியில் ஒரு வால்வு வைத்திருக்கிறார்கள். வெளித் தண்ணீரின் அழுத்தம் கூடினால் அது திறந்து தண்ணீரை உள்ளே விடும். ஐப்பசி முதல் மார்கழி வரை எக்காரணம் கொண்டும் குளத்தைக் காலி செய்யாதீர்கள் என்று பம்ப் ரூம் கதவில் தமிழில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள். இந்தப் பக்கம் குளம் கட்டுகிற எல்லோரும் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது. தூக்கிக் கட்டியதில் எங்களுக்கு முழங்கால் உயரத்தில் உட்காரத் திண்ணையும் கிடைத்தது, தவழும் குழந்தை தவறி உள்ளே விழும் பயமும் குறைந்தது. நாலடி வேலியும் தானாகச் சாத்திக்கொள்ளும் கேட்டும் மட்டும் கொட்டேஷனில் இல்லை. கேட்டு வாங்கினேன். பேரன் பேத்தி வருகிற வீட்டுக்கு இதைக் கேட்காமலேயே போட்டிருக்க வேண்டும். குளத்துக்கு 80 போட்டதில் குறைந்த மதிப்பெண்ணில் பாதி இதற்குத்தான்.

நிரப்ப போர் தண்ணீரை விடலாம் என்றிருந்தோம். சோதித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். எங்கள் போரில் இரும்பு அதிகம். குளோரின் பட்டதும் இரும்பு துருவாகி, தண்ணீர் செம்பழுப்பாகி டைல்ஸ் இடுக்கெல்லாம் கறை பிடிக்கும். இரண்டு டேங்கர் வாங்கி நிரப்பினோம்.

கோடையில் ஒரு சந்தேகம் வந்தது. தண்ணீர் குறைந்துகொண்டே போனது. ஒழுகுகிறது என்று வீட்டுக்காரர், ஆவியாகிறது என்று கம்பெனியின் சர்வீஸ் பையன். பக்கெட் வைத்துப் பாருங்கள் என்று மேஸ்திரி போனில் சொல்லிக் கொடுத்தார். குளத்துக்குள் இருக்கும் படியில் ஒரு பக்கெட்டை வைத்து, குளத்துத் தண்ணீரின் மட்டத்துக்கே அதிலும் தண்ணீர் நிரப்பி, இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டேன். பம்பை நிறுத்தி ஒரு நாள் விட்டேன். பக்கெட்டில் எவ்வளவு குறைந்ததோ குளத்திலும் அவ்வளவே, அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஒழுகினால் குளம் மட்டும் கூடுதலாக இறங்கியிருக்கும். காற்றும் வெயிலும் குடிக்கிற கணக்கு அது. எங்கள் குளத்தின் பரப்புக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டர். வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார், ஆனால் முகத்தில் திருப்தி இல்லை.

ஃபில்டர் மணலைக் கழுவிவிடும் பேக்வாஷ் தண்ணீருக்கு இவர்கள் செய்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. குளோரின் தண்ணீரை நேரே மழைப் பாத்தியில் விட்டால் செடி கருகும். தனிக் குழாயில் ஒரு திறந்த தொட்டிக்குப் போகிறது, இரண்டு நாள் வெயிலில் நின்று குளோரின் போன பிறகு தென்னைக்கு. உப்பு போட்டுக் குளோரின் தயாரிக்கும் முறையைச் சிலர் சிபாரிசு செய்தார்கள். அந்தத் தண்ணீரைத் தோட்டத்தில் விட முடியாது, ஏற்கெனவே கடல் காற்றில் உப்பு போதாதா என்று இவர்கள் தடுத்தார்கள். சரியான யோசனை.

இவ்வளவு புத்தியோடு தண்ணீரைக் கையாண்டவர்கள் செடியில் எப்படிக் கோட்டை விட்டார்கள் என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். செடிப் பொறுப்பு வேறொரு ஆளிடம் இருந்தது போல. ராஜமுந்திரி பக்கத்தில் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் மொத்தமாக இறக்கினார்கள். பார்க்க வாட்டசாட்டமாக இருந்தன. பையைக் கிழித்தால் வேர் உள்ளேயே சுற்றிச் சுற்றிப் பந்தாகியிருந்தது. அப்படியே குழியில் இறக்கிவிட்டார்கள். வேரைக் கலைத்து நடச் சொன்னது நானும் தோட்டக்காரம்மாவும்தான். கிழக்குச் சுவர் ஓரம் வைத்த குரோட்டன்ஸ் வகைகள் சித்திரைக் காற்றில் ஓரம் கருகின. புதுச்சேரியில் 1826இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா இருக்கிறது. பக்கத்தில் ஆரோவில்லில் வெறும் செம்மண் பொட்டலைக் காடாக்கியிருக்கிறார்கள். இந்தக் கரையில் எது வளரும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆந்திரா போக வேண்டியதில்லை. புன்னை, பூவரசு, நொச்சி, அரளி எல்லாம் கடற்கரையிலேயே நிற்கிறவை.

மூங்கில் இன்னொரு கூத்து. அடுத்த வீட்டு மாடியிலிருந்து குளம் தெரியக் கூடாது என்று தங்க மூங்கில் வரிசை வைத்தார்கள். மறைத்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூங்கில் வருஷம் முழுக்க இலை உதிர்க்கிற ஜாதி. மெல்லிய இலை, குளத்தின் மேல்தண்ணீரை இழுக்கும் ஸ்கிம்மரின் கூடையில் போய்ப் பாய் பின்னினாற்போல் படிந்து தண்ணீர் ஓட்டத்தையே அடைத்துவிடும். வேப்பம்பூவுக்குக் காற்றின் திசை பார்த்த அதே கம்பெனி, கிழக்குச் சுவரில், காற்று வரும் பக்கமாக மூங்கிலை வைத்தது! பிடுங்கிவிட்டு நந்தியாவட்டை வைத்திருக்கிறேன். வளர நாளாகும், பரவாயில்லை. மெக்சிகன் புல்லையும் பாதிக்குப் பாதி எடுத்தாகிவிட்டது. வேப்ப நிழலில் அது வரவே இல்லை, வெயிலில் வந்த இடத்தில் குளத்தைவிட அதிகம் தண்ணீர் கேட்டது. நிழலில் பஃபலோ புல் வைத்தோம், அது படர்ந்துவிட்டது.

குளத்தைச் சுற்றிப் போட்ட கருங் கடப்பாக் கல்லும் இதே ரகம். சரிவு அருமை, மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர், குளத்துக்கு எதிர்த் திசையில். பேரன் கோலியை உருட்டிவிட்டான், நேரே வடிகால் கிரேட்டிங்கில் போய் விழுந்தது. ஆனால் மே மாதம் பதினோரு மணிக்கு அந்தக் கல்லில் கால் வைக்க முடியாது. பிள்ளைகள் துள்ளித் துள்ளி ஓடினார்கள். ஈரத்தில் வழுக்கவும் செய்தது. மாற்றித் தரச் சொன்னேன், நீங்கள் சாம்பிள் பார்த்துச் சம்மதித்ததுதானே என்றார்கள். சாம்பிள் பார்த்தது தை மாதம், அதுவும் ஆபீஸ் ஏசியில். நடக்கிற பாதையில் மட்டும் எங்கள் செலவில் பாலிஷ் போடாத வெளிர்க் கல் மாற்றினோம்.

பில்லைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முதல் கொட்டேஷனில் "வடிகால் வேலை, மொத்தம்" என்று ஒரே வரி. பிரித்துக் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தார்கள். கடைசி பில்லில் வடிகாலுக்கு ஜல்லி நான்கு யூனிட் என்று இருந்தது. ஒரு யூனிட் என்பது நூறு கன அடி. பள்ளம் 90 அடி நீளம், ஒன்றரை அகலம், இரண்டடி ஆழம், பெருக்கினால் 270 கன அடி. அதில் ஆறங்குலக் குழாய் அடைக்கும் இடம் இருபது கன அடி போனால் 250. இரண்டரை யூனிட். மேலே மணல் போட்டதைக்கூட நான் கழிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு. அக்கவுண்ட்ஸ் பார்க்கிற தம்பி, "வேஸ்டேஜ் இருக்கும்ல மேடம்" என்றான். ஒன்றரை யூனிட் ஜல்லி எங்கே வேஸ்ட் ஆனது, எங்கள் வீட்டில் பூனை தின்றதா என்று கேட்டேன். அந்த ஆர்க்கிடெக்ட் பெண் வந்து அளந்து பார்த்துத் திருத்திக் கொடுத்தாள். செடிகளின் எண்ணிக்கையிலும் இதே மாதிரி ஒரு தகராறு, அதுவும் சரியானது. ஆனால் கேட்கத் தெரியாதவர்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும்? டேப்பும் நோட்டும் இல்லாமல் இவர்களிடம் வேலை கொடுக்காதீர்கள்.

மொத்தச் செலவு 14 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. குளமும் பம்பு, ஃபில்டரும் சேர்த்து எட்டரை லட்சம். வடிகாலும் மழைப் பாத்தியும் இரண்டே முக்கால். கல் வேலை ஒன்றரை. மீதி செடி. எங்களை மாதிரித் தாழ்ந்த மனையில் குளம் வேண்டாம், வடிகால் மட்டும் போதும் என்றாலும் இவர்களைக் கூப்பிடலாம். அதுதான் அவர்கள் கைவந்த வேலை. செடியை மட்டும் கொட்டேஷனிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.

போன ஐப்பசியில் முதல் பெருமழை ராத்திரியில் பெய்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரர் கொல்லைக்குப் போனார். பாத்தி நிரம்பி, சேம்பர் வாயில் தண்ணீர் சுழித்துக்கொண்டு சந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை. விடிந்து பார்த்தபோது தோட்டத்தில் நடக்க முடிந்தது, பாத்தியில் மட்டும் தண்ணீர். மறுநாளைக்குள் அதுவும் போய்விட்டது, கொசு முட்டை வைக்க நேரமில்லை. கார்த்திகையில் சந்து வாய்க்கால் முட்ட நின்றபோது அந்தத் தொங்கும் மூடி சாத்திக்கொண்டது. அப்போது எங்கள் தண்ணீரும் வெளியே போகாமல் சில மணி நேரம் பாத்திக்கு மேலே ஏறியது. அதனால்தான் 95, ஐந்தைக் குறைத்தேன். பாத்தியை இன்னும் கொஞ்சம் பெரிதாக வெட்டியிருக்கலாம், இடம் இருந்தது.

வேலை முடிந்த பிறகு சர்வீஸ் சுமார்தான். வருஷ ஒப்பந்தத்தில் வாரம் ஒருமுறை ஆள் வர வேண்டும். மழை நாளில் வருவதில்லை, வந்தாலும் பிஹெச், அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மை பார்க்காமல் குளோரினை மட்டும் கொட்டிவிட்டுப் போகிறான். பிஹெச் 7.2க்கும் 7.6க்கும் நடுவில் இல்லையென்றால் எவ்வளவு குளோரின் போட்டாலும் கண் எரிச்சல்தான் மிச்சம். சோதனை டப்பா வாங்கி நானே பார்த்துக்கொள்கிறேன். ஃபில்டரின் பிரஷர் முள் வழக்கமான அளவிலிருந்து எட்டு, பத்து ஏறினால் பேக்வாஷ் கொடுக்க வேண்டும், அதுவும் பழகிவிட்டது. இந்த வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பம்புக்குத் திருப்பாப்புலியூர் எலக்ட்ரீஷியன் வருகிறார். ஃபில்டர் மணல் மாற்றும் சமயத்தில் மட்டும் கம்பெனியைக் கூப்பிடுவதாக இருக்கிறோம், பாகூர் மேஸ்திரியையே அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு.